சாக்பீஸ் பிடிக்காத பலகை

என் பீரோவுக்குப் பின்னால் ஒரு சுருட்டுப் பலகை நிற்கிறது. முரட்டுத் துணியில் கருப்புப் பெயின்ட் அடித்து, மேலேயும் கீழேயும் கழி வைத்துத் தைத்தது. பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். போன இடத்தில் ஆணியில் மாட்டினால் அதுதான் கரும்பலகை. ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் இப்படி ஒன்று வைத்திருப்பார்கள். இது என் அண்ணியுடையது. அண்ணியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அண்ணன் மகள் இதை மீஞ்சூருக்கு என் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா சொல்லிக்கினே இருந்திச்சி அத்த, இது உங்க கைலதான் சேரணும்னு. எதுக்குமான்னு கேட்டா சிரிச்சிச்சி" என்றாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். வாங்கி ஓரமாக வைத்தேன். அழுகை வரவில்லை. கட்டியிருந்த கயிறு இற்றுப்போயிருந்தது. தானாக அவிழ்ந்து விரிந்துவிடுமோ என்று அன்று இரண்டு மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்திருந்தார். நாங்கள் திருவள்ளூரில் இருந்தோம். ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பெயின்ட் கம்பெனியில், சோதனை அறையில் அவருக்கு வேலை. தகரத் துண்டுகளில் பெயின்ட் அடித்துக் காயவைத்து, நகத்தால் சுரண்டிப் பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டுக் கதவு, ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சு, பஸ் கம்பி, எதன் மேல் கை வைத்தாலும் சுட்டுவிரல் நகம் ஒரு கீறு கீறிப் பார்க்கும். குழந்தை வயிற்றில் இருந்தபோது, பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று கம்பெனியில் அனுப்பிவைத்தார்கள். பிறந்த பிறகு யாரும் பார்க்கவில்லை.

அண்ணன் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. கும்மிடிப்பூண்டியில் டியூட்டி, அங்கேயே ஒரு அறை. திருவள்ளூர் ஒரு பாதை, கும்மிடிப்பூண்டி இன்னொரு பாதை. ரயிலில் போனால் மெட்ராஸ் வரை போய்த் திரும்ப வேண்டும். பஸ்ஸில் போனால் ஊத்துக்கோட்டை, கவரப்பேட்டை என்று சுற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் வருவார், வந்த களைப்பில் தூங்குவார், தூங்கி எழுந்தால் கிளம்புவார். அப்போதுதான் கும்மிடிப்பூண்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை என்ற செய்தியை அவர் கொண்டுவந்தார். தலைமையாசிரியை நேராகவே சொல்லிவிட்டாராம்: பி.டி. முடித்துவிட்டு ஜூன் மாதம் வரச் சொல்லுங்கள், இடத்தை வைத்திருக்கிறேன் என்று. பிற்பாடு பி.எட். என்று ஆன படிப்பை அப்போது பி.டி. என்பார்கள். ஒரு வருடம். குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு அண்ணி மெட்ராஸ் காலேஜில் சேர்ந்தார்.

அம்மாவுக்கு அது கடைசிவரை விளங்கவில்லை. "டிகிரி வாங்கனவளுக்கு இன்னும் இன்னா படிப்பு? படிச்சத சொல்லிக்குடுக்க தனியா ஒரு படிப்பா?" என்று சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்பாள். "ஆக்கத் தெரிஞ்சா மட்டும் போதுமா அத்த, பரிமாறத் தெரிய வாணாவா?" என்று அண்ணி சிரிப்பார். என்னிடம் மட்டும் வேறு மாதிரி சொல்வார். "டீச்சராவணும்னு எனுக்கு ஆசையெல்லாம் ஒண்ணியும் இல்ல பாப்பா. நானும் உங்கண்ணனும் ஒரே ஊட்ல சோறு துன்னணும். அந்த சர்டிபிகேட்டு இருந்தா அது நடக்கும். அவ்ளோதான்." அந்த வருடம் முழுக்க அவர் பேசியது இதைத்தான். ஜன்னல் கம்பியில் துணி காயப்போடும்போதுகூட, அங்கே போனால் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசிப்பார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். யாரும் நிறுத்தவில்லை, நானாகத்தான் நின்றேன். எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். தெரிந்த பதிலும் வராது. நாளைக்குக் கேட்பார்களோ என்று முந்தின நாளே காய்ச்சல் வந்துவிடும். அப்படிப்பட்ட என்னைத்தான் அண்ணி வகுப்பாக உட்காரவைத்துப் பாடம் எடுத்துப் பழகினார். எனக்குச் சொல்லித்தர வேண்டும் என்றில்லை, எதிரில் ஒரு முகம் வேண்டும், அதற்குத்தான். அவருடைய பாடக்குறிப்பு நோட்டில் பக்கத்தின் நடுவே கோடு போட்டிருக்கும். இடது பக்கம் ஆசிரியர் கேட்க வேண்டியது, வலது பக்கம் மாணவர் சொல்லக்கூடிய விடை. பதிலைக்கூட முன்னாலேயே எழுதிவைக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அவர் காலேஜுக்குப் போன பிறகு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வலது பக்கத்தை மனப்பாடம் செய்வேன். சாயந்திரம் அவர் கேட்பதற்குள் சொல்லிவிடுவேன். "நீ மட்டும் இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு கிளாஸ்ல இருந்தேன்னு வையி, எனுக்கு கவலையே இல்ல" என்பார். "ஆனா ஒரு வாட்டியாவது தப்பா சொல்லேம்மா. தப்பு சொன்னாதானே நான் திருத்த முடியும்?" தப்பாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பலகை முந்தின வருடம் படித்த ஒரு பெண்ணிடம் வாங்கியது. தேர்வு நெருங்கியபோது சாக்பீஸ் தூள் ஏறி ஏறிச் சாம்பல் நிறமாகிவிட்டது. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து பார்ப்பாராம். பாடம் ஆக்ஸிஜன் தயாரிப்பது. குடுவை, குழாய், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பலகையில் வரைந்து காட்ட வேண்டும். கடைசியில் இருப்பவருக்குப் படம் தெரியாமல் போய்விட்டால்? அண்ணிக்கு வராத இந்தக் கவலை எனக்கு வந்தது. நான்கு நாள் சோறு இறங்கவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் அண்ணி காலேஜுக்குப் போயிருந்தார். பலகை வீட்டில் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே பள்ளிக்கூட வித்தை, சிலேட்டுக்குக் கோவை இலையும் அடுப்புக்கரியும் தேய்ப்பது. வெளுத்த சிலேட்டு பளிச்சென்று கருத்துவிடும்; சின்ன வகுப்பில் எல்லோரும் செய்வோம். வேலியில் கோவைக்கொடி படர்ந்திருந்தது. மடி நிறையப் பறித்து, கரியோடு சேர்த்து அம்மியில் அரைத்து, பலகை முழுக்கத் தேய்த்து வெயிலில் வைத்தேன். ஒரு தடவை பூசியது போதுமோ போதாதோ என்று இன்னொரு தடவை. அதுவும் போதாதோ என்று மூன்றாம் தடவை. காய்ந்தபோது காக்கை முதுகு மாதிரி மின்னியது. சுருட்டிக் கட்டி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சொல்லவில்லை. விரித்துப் பார்க்கும்போது அவருக்கே தெரியட்டும் என்று இருந்தேன்.

காலையில் குழந்தையை என் கையில் கொடுக்கும்போது அண்ணி பார்த்துவிட்டார். "இன்னா பாப்பா, கையெல்லாம் இவ்ளோ கருப்பு?" எந்த நோட்டிலும் வலது பக்கத்தில் எழுதியிருக்காத கேள்வி. "அடுப்புக்கரி அண்ணி" என்றேன். அது பொய்யும் இல்லை. ரயிலுக்கு நேரமாகியிருந்தது. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயந்திரம் வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முகம் கழுவிவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுத்தார். அம்மாதான் கேட்டாள். "சாக்பீஸ் புடிக்கல அத்த" என்றார். மீதியெல்லாம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. தேர்வு நடந்த பள்ளியில் அவருக்குக் கிடைத்த வகுப்பு, பின்னால் இருந்த கீற்றுக் கொட்டகை; சுவரும் இல்லை, கரும்பலகையும் இல்லை. மணி அடித்து, அதிகாரி வந்து உட்கார்ந்த பிறகு அண்ணி பலகையை விரித்துக் கொட்டகைக் கம்பத்தில் மாட்டினார். குடுவையின் அடியை வரைய ஆரம்பித்தார். கண்ணாடிமேல் எழுதுவதுபோல் சாக்பீஸ் வழுக்கியது. அழுத்தினார், உடைந்தது. முந்தானையால் துடைத்துப் பார்த்தார், துணி கருத்ததுதான் மிச்சம். பிள்ளைகள் சிரித்துவிட்டன. அவர் கையால் காற்றில் குடுவை வரைந்து காட்டி மீதிப் பாடத்தை நடத்தினார். அதிகாரி எழுந்து போகும்போது, "படமே இல்லையேம்மா" என்று மட்டும் சொன்னாராம்.

எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேறினார். செய்முறையில் போய்விட்டது. மறுபடி பாடம் எடுத்துக் காட்டித் தேறியபோது ஜூன் கடந்திருந்தது. கும்மிடிப்பூண்டிப் பள்ளியில் வேறு ஒருவர் வந்துவிட்டார். சர்டிபிகேட் தபாலில் வந்த அன்று அம்மா குழந்தை நெற்றியில் விபூதி வைத்தாள். அண்ணி அதைத் தகரப் பெட்டியில், புடவைக்கு அடியில் வைத்தார். வேலை கிடைத்தது பள்ளிப்பட்டுப் பக்கம், ஆந்திர எல்லை ஓரம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். அண்ணனுக்கு இப்போது இன்னும் தூரம். வாரத்துக்கு ஒரு நாள் என்பது மாதத்துக்கு ஒரு நாள் ஆனது.

பலகையை விற்ற பெண்மேல் பழி விழுந்தது. "வேணும்னே வழுக்கற போர்ட தள்ளிவுட்டுட்டா, அவ நல்லா இருப்பாளா" என்று அம்மா சபித்தாள். அண்ணன் அந்தப் பெண்ணின் வீடு எது என்றுகூட விசாரித்தார். நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நகத்தடியில் கருப்பு போக நாளானது. அன்று சொல்லியிருக்கலாம், மறுநாள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட்டதில் மனசில் அந்த இடம் மரத்துவிட்டது. ஊசி குத்தினாலும் தெரியாது என்கிற மாதிரி.

ஒன்பது வருடம் கழித்து அண்ணிக்குக் கும்மிடிப்பூண்டிக்கு மாறுதல் வந்தது. அதற்குள் நான் கல்யாணமாகி மீஞ்சூருக்கு வந்துவிட்டேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனைச் சுற்றிப் புதிதாகக் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்த சமயம். போய்ப் பார்த்தேன். அண்ணி கேட்ட மாதிரியே ஒரே வீடு, தண்டவாளத்தைப் பார்த்த ஜன்னல். அண்ணன் டியூட்டி முடிந்து வந்தார். அடுப்பில் அண்ணி வைத்த டீ கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் மூலையில் இருந்த தன்னுடைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தனக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தார். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தார். தனியாக இருந்து பழகிவிட்ட கை. சண்டை ஒன்றும் இல்லை. "போய்ட்டு வரேம்மா" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுக் கடைப்பக்கம் போனார், அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்வது மாதிரி.

அந்த ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். "அண்ணி, அந்த போர்டுல கோவத்தழையும் கரியும் பூசனது நாந்தான்."

அண்ணி டீயை இறக்கி வடிகட்டினார். "தெரியும். பரிச்ச முடிஞ்சி ட்ரெயின்ல திரும்பி வரும்போதே சொரண்டிப் பாத்தேன், தழ வாசன அடிச்சிது. மூணு கோட்டு அடிச்சிருக்கியே பாப்பா. கம்பெனிலியே ரெண்டுதான் அடிப்போம்."

பிறகு ஏன் என்னை ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

"இன்னான்னு கேக்கறது? காலைலயே உன் கைய பாத்தேன். அடுப்புக்கரின்னே. அடுப்புக்கரி எங்கியாவது பச்ச வாசன அடிக்குமா? பெயின்ட்டு மேல இன்னா பூசனா இன்னா ஆவும்னு கெமிஸ்ட்ரி படிச்ச எனுக்கில்ல தெரிஞ்சிருக்கணும்? விரிச்சி ஒரு கோடு போட்டுப் பாத்துட்டுப் போயிருக்கணும். ட்ரெயின் போய்டும்னு ஓடனேன்." டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "அந்தப் பொண்ண திட்டும்போது நானும் வாய மூடிக்கினு இருந்தேன் பாரு, அதான் தப்பு. உன் பேர சொன்னா நீ செத்துப்பூடுவேன்னு பயந்தேன். உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளிய நான் எங்க பாத்தேன்?"

டீயைக் குடித்தேன். அண்ணி எழுந்துபோய் அண்ணன் கவிழ்த்துவைத்த டம்ளரை எடுத்து, திரும்பவும் ஒரு முறை கழுவி, தன் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். அதைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. பிற்பாடு அண்ணன் காலமானார். அண்ணி ரிடையராகித் திருநின்றவூரில் மகளோடு இருந்தார். பலகையை வைத்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

நேற்று பகலில் அதைக் கட்டில்மேல் விரித்தேன். ஓரங்களில் பெயின்ட் உதிர்ந்து துணி தெரிகிறது. நடுவில் இன்னும் கருப்பாகத்தான் இருக்கிறது. வலது மூலையில் நகத்தால் சுரண்டிய ஒரு கீறல், சுட்டுவிரல் அகலம். அதற்குக் கீழே, உற்றுப் பார்த்தால், குடுவையின் அடிப்பாகம் மாதிரி ஒரு அரைவட்டம் வழுக்கிய தடமாக இருக்கிறது.

பேத்தியின் பையில் சாக்பீஸ் துண்டு ஒன்று கிடைத்தது. எடுத்துக்கொண்டு பலகைப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் பூச்சு செத்துப்போயிருக்கும். இப்போது ஒரு கோடு போட்டால் பிடித்தாலும் பிடித்துவிடும். பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. சுருட்டி, புதுக்கயிறு போட்டுக் கட்டி, திரும்பவும் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.