ரோல்-ஆனும் பட்டாணி அளவு கட்டியும்

நேற்று குரோம்பேட்டைக் கடையில் டியோடரண்ட் அலமாரி முன்னால் நின்றுகொண்டு, "ஸ்பிரேயா, ரோல்-ஆனா, ஸ்டிக்கா? சீக்கிரம் சொல்லும்மா" என்றாள் மகள். ரோல்-ஆன் ஒன்றைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். அந்த லாவெண்டர் வாசனை பட்டதும் என் வலது கை தானாகவே இடது அக்குளுக்குப் போய்விட்டது. எத்தனை வருடமானாலும் கைக்கு மறக்கவில்லை, பாருங்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. தாம்பரத்தில் மகளிர் விடுதி. குரோம்பேட்டையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு வேலை. மின்சார ரயிலை விட்டு இறங்கும்போது பிழியாத துணி மாதிரி இருப்பேன். ஏசி அறையில் யாராவது மூக்கைச் சொறிந்தால்கூட என்னால்தானோ என்று கூசும். பவுடர் போட்டால் சுடிதாரில் வெள்ளைத் திட்டு. ஸ்பிரே அடித்தால் விடுதி அறையே தும்மியது. கடைசியில் லாவெண்டர் ரோல்-ஆன் ஒன்று வாங்கினேன். ஏதோ பெரிய நாகரிகத்துக்கு வந்துவிட்ட பெருமை வேறு!

ஒரு நாள் காலை அதை உருட்டும்போது தோலுக்கடியில் ஏதோ தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. அழுத்தினால் வலித்தது.

என் சித்திக்கும் அக்குளில் ஒரு கட்டியில்தான் தொடங்கியது. வெட்கப்பட்டு மறைத்தாள். சொன்னபோது நேரம் கடந்துவிட்டது. போதாததற்கு, ரோல்-ஆன் போட்டால் புற்றுநோய் வரும் என்று ஒரு செய்தி விடுதியில் எல்லோர் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டிலைக் குப்பையில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த இடத்தைத் தொடப் பயந்து ஒற்றைக் கையாலேயே குளித்தேன்.

பக்கத்து மேசை ஸ்டெல்லா அக்கா கண்டுபிடித்துவிட்டார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

"என்னடி, கைய உடம்போட ஒட்டி வெச்சிருக்க?"

சொல்வதற்குள் அழுதுவிட்டேன். "கெளம்பு. பர்மிஷன் நான் கேக்கறேன்" என்றார்.

பெண் டாக்டர். தொட்டுப் பார்த்துவிட்டு, "ஷேவ் பண்ண உடனே போட்டீங்களா?" என்றார். தலையாட்டினேன். "முடி வேர்ல சீழ் கட்டியிருக்கும்மா. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. மாத்திரை தரேன். ஆறுற வரைக்கும் எதுவும் போடாதீங்க."

"அந்த வாட்ஸப்ல வந்தது..."

"அதையெல்லாம் நம்பாதீங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எழுந்துவிட்டேன். ஸ்டெல்லா அக்கா எழவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "டாக்டர், எனக்கும் ஒண்ணு இருக்கு. மார்ல. வலியே இல்ல. ரொம்ப நாளா இருக்கு" என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை வெளியே உட்காரச் சொன்னார்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காகப் பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவழியாக அக்கா ஸ்கேன் சீட்டோடு வெளியே வந்தார்.

"ஏன்க்கா சொல்லவே இல்ல?"

"தனியா வரப் பயமா இருந்துச்சுடி. நீ அழுதியா, சரி, இதான் சாக்குன்னு வந்துட்டேன்."

ஆபரேஷன் நடந்தது. பிறகு மருந்து ஏற்றினார்கள், முடியெல்லாம் கொட்டியது. மறு வருடம், புதிதாக முளைத்த சுருட்டை முடியோடு வேலைக்குத் திரும்பினார். எல்லோரும் கைதட்டினோம். அதற்கப்புறம் கம்பெனியை மூடிவிட்டார்கள். நாங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போனோம். அவர் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அக்காவின் நம்பர் மட்டும் என் போனில் இருக்கிறது. சில நாள் அதை எடுத்துப் பார்ப்பேன். அழுத்தினால் வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் வைத்துவிடுவேன்.