பாம்புக்கு இரும்புத் தீனி

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். போர்வெல் போடும் ரிக் லாரியோடு வந்த மாமா இருந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒடிசாக்காரர் ஒருவர். வேப்பமர நிழலில் புதுக் கயிற்றோடு எருமை. அப்புறம் நான். எனக்கு ஏழு வயது.

துளை போடக் குறித்த இடத்தில் அம்மா எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். அணைந்ததும் நான் போய் அந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

பூமியை ஒரு பாம்பு தலையில் தாங்குகிறது என்று அம்மாதான் சொல்லியிருந்தாள். துளை போட்டால் நேரே தலையில் இறங்கும். வலித்துத் தலையை ஆட்டினால் வீடு, மரவள்ளிக் காடு, எருமை எல்லாம் போகும்.

"எங்க ஊர்ல ஆமை, பாப்பா. ஓடு ரொம்ப கெட்டி" என்றார் ஒடிசாக்காரர்.

ஆமைக்கும் வலிக்கும் என்றேன்.

மாமா மூன்று வருடம் ஆப்பிரிக்காவில் ரிக் ஓட்டியவர். என் பக்கத்தில் குந்தினார்.

"அங்கயும் பாம்புதான் அம்மிணி. அதுக்குத் தீனியே இரும்பு. குரங்குங்க காய்ச்சிக் காய்ச்சிப் போடுதாம். தீனி இல்லீன்னா பசியில தன் வாலையே தின்னுபோடும். அப்புறம் நாம எங்க நிக்கறது?"

எழுந்துவிட்டேன்.

இருபதடி இரும்பு ராடு ஒவ்வொன்றாக இறங்கியது. ஒரு ராடு, ஒரு வாய். எண்ணினேன். நாற்பது போயும் வெறும் புழுதி. எங்கள் எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது.

"போதுங்க மச்சான். கழட்டீருங்க" என்றார் அப்பா. நாற்பது ராடுக்குத்தான் பணம் பேசியிருந்தது.

"பாம்புக்கு இன்னும் பசிக்குங்க மாமா. அளவுச் சாப்பாடா போடறீங்க?" என்றேன்.

மாமா சிரித்தார். அப்பாவைப் பார்த்தார். "புள்ளை கேக்குது. இன்னும் ரெண்டு வாய் ஊட்டிப் பாக்கறனுங்க."

அப்பா தலையாட்டினார்.

ஒன்று, புழுதி. இரண்டாவதில் சேறு. மாமா கேட்காமலே இன்னொன்று இறக்கினார். தண்ணீர் மரத்துக்கு மேலே எழுந்தது.

பாம்பு ஏப்பம் விட்டது என்று கத்தினேன். "ஆமை தும்மல்" என்றார் ஒடிசாக்காரர், சொட்டச் சொட்ட.

அம்மா நனைந்தபடியே எருமையிடம் போனாள். புதுக் கயிற்றை அவிழ்த்துப் பழையதையே கட்டினாள். பிறகு அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். பூசைக்குக் கட்டின கயிறு, பூசை முடிந்தது, அவிழ்க்கிறாள் என்று நினைத்தேன். சந்தைக்குப் போகிற மாட்டுக்குத்தான் எங்கள் பக்கம் புதுக் கயிறு கட்டுவார்கள். பழையது வீட்டில் தங்கும். அதுவும், தண்ணீர் வராவிட்டால் எருமையை விற்பதாக இருந்ததும் எனக்கு அன்று தெரியாது. பாம்பு எத்தனை வாய் தின்றது என்று, வெளியே வந்த ராடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்து மூன்று.