ராசியில்லாதவனின் டிக்கெட்

நோர்பரியில் அண்ணையின் மளிகைக் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கால்பந்துச் சபை கூடும். சபை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், மூன்று பேர். அண்ணை என் உடன்பிறந்தவர் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு முன்னே வந்து கடை போட்டவர், அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணை. மற்றவன் மலேசியத் தமிழன். ஈப்போவிலிருந்து பொறியியல் படிக்க வந்து, வேலை கிடைத்ததும் ரெய்னர்ஸ் லேனில் தங்கிவிட்டவன். லண்டனின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ரயில் மாறி மாறி வருவான். மூன்றாவது ஆள் நான். கவுன்சிலில், கார் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியவர்களுக்குத் தண்டம் எழுதும் பிரிவில் வேலை. வாரம் முழுவதும் தொலைபேசியில் ஊராரிடம் ஏச்சு வாங்குவதுதான் என் உத்தியோகம். சனிக்கிழமையாவது நானும் ஒருவரை ஏச வேண்டாமா? அதற்குத்தான் ரெஃபரி இருந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில வருடங்கள் அவை. எங்கள் அணியின் பெயர் வேண்டாம். தோற்றவர்களைப் பெயர் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. இந்த வருடம் மேல் பிரிவுக்கு ஏறிவிடுவோம் என்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் நம்ப வைத்து, ஒவ்வொரு மே மாதமும் நின்ற இடத்திலேயே நிற்கிற அணி அது. சொந்த மைதானத்தில் ஒருமாதிரி ஆடுவார்கள். வெளியூருக்குப் போனால் கால் வேறு பந்து வேறு.

ஆனால் எங்கள் பேச்செல்லாம் வெளியூர்ப் போட்டிகளைப் பற்றித்தான். சொந்த மைதானத்துக்குக் காசு கொடுத்தால் யாரும் போகலாம். வெளியூருக்கு அப்படியில்லை. அந்த ஊர்க் கழகம் நமக்கென்று ஒரு மூலையை ஒதுக்கி, இத்தனை டிக்கெட் என்று அளந்து கொடுக்கும். கேட்பவர்கள் அதைவிட அதிகமாக இருந்தால், இதற்கு முன் எத்தனை வெளியூர்ப் போட்டிகளுக்கு வந்தாய் என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு போட்டிக்கும் உறுப்பினர் அட்டையில் புள்ளி ஏறும். புள்ளி கூடியவனுக்கு முதலில் டிக்கெட். மழையில் நனைந்தவனுக்கு மரியாதை கிடைக்கிற ஒரே இடம் என்று நான் அதைச் சொல்வேன்.

அண்ணைக்கு விலைதான் ஆறாத புண். "கூரை இல்லாத ஸ்ராண்ட். மழைக்குள்ள நிண்டு தோக்கிறதைப் பாக்கிறதுக்கு இந்த விலையோ? பகல் கொள்ளையடா தம்பி!" என்று மூட்டையில் அடிப்பார்.

"உங்கட கடையில வெண்டிக்காய்க்கு விலை போடுற ஆள்தான் அங்கயும் போட்டிருப்பான்" என்பேன் நான். மலேசியக்காரன் டீ புரைக்கேறச் சிரிப்பான். அண்ணை முறைத்துவிட்டு எனக்கு இன்னொரு வடை எடுத்து வைப்பார்.

எங்கள் மூவரில் அதிகம் வெளியூர் போனவன் நான்தான். அவர்களுக்குக் குடும்பம் இருந்தது. எனக்கு இருந்தது எட்டில் செவ்வாய். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். வந்த சம்பந்தங்கள் எல்லாம் புகைப்படம் பார்க்கும் வரை நன்றாகவே வந்தன. சாதகத்தைக் கொடுத்ததும் பதில் வராது. கடைசியாக வந்த இடத்தில் பெண்ணின் தாய் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்: "குறை நினைக்காதேங்கோ தம்பி, எங்களுக்கு ஒரு பிள்ளைதான்." நான் அவர்களுடைய பிள்ளையைக் கொல்ல வருகிறவன்போல. குறை நினைக்காமல் எப்படி இருப்பது?

அதனால் எனக்கு அந்த வெளியூர் மூலை பிடித்திருந்தது. விடியற்காலையில் ரசிகர்களின் கோச் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பாதி சான்ட்விச்சை நீட்டுவார். எந்த ஊர், எந்தச் சாதி, எட்டில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கோல் போட்டால் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடிப்பார்கள். என்னை வேறு யாரும் கட்டிப்பிடிக்காத காலம் அது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை.

மலேசியக்காரனுக்குப் புள்ளிவிவரப் பைத்தியம். யார் எத்தனை கோர்னர் எடுத்தார்கள், பந்து யாரிடம் அதிக நேரம் இருந்தது, மழை நாளில் எத்தனை கோல் வாங்கினோம், எல்லாம் அவனிடம் கேட்கலாம். ஒரு ஞாயிறு அவன் அலுவலகக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டு அச்செடுத்த ஒரு தாளோடு வந்தான். வெளியூர்ப் போட்டிகளுக்கு எங்களில் யார் யார் போனோம், அன்று முடிவு என்ன என்ற கணக்கு. என் வரிசை முழுவதும் தோல்வி. இடையில் சில சமநிலை. வெற்றி இல்லை. தடிமன் காய்ச்சலோடு நான் படுத்திருந்த சனிக்கிழமை அணி வென்றிருந்தது. என் வேலை நேரம் மாறியதால் போகாமல் விட்ட இன்னொரு நாளும் வென்றிருந்தது.

"பாத்தியா மச்சான், உன்னைக் கண்டாலே நம்ம கோல்கீப்பருக்குக் கை நடுங்குது லா" என்றான். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதிகம் சிரித்தவன் நான்.

வெளியூரில் அனேகமாகத் தோற்கிற அணி அது. எல்லாப் போட்டிக்கும் போகிறவன் எல்லாத் தோல்வியையும்தான் பார்ப்பான். அவ்வப்போது போகிறவனுக்குக் கணக்கு அழகாகத் தெரியும். இந்தச் சின்ன விஷயம் பொறியியலாளனுக்கும் தோன்றவில்லை, கல்லாவில் ஒரு பென்ஸ் காசும் பிசகாத அண்ணைக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது காலம் கடந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் அண்ணை மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டி நாட்களில் கடைச் சாமிப்படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, வென்ற அன்று போட்ட அதே ஸ்வெற்றரைத் தோய்க்காமல் போடுகிற மனிதர். "விளையாட்டில்லை, உதுகள்ல ஏதோ இருக்கு" என்றார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவருடைய தொலைபேசிக் குரல் கொஞ்சம் மாறியது. முன்பு "நாளைக்கு எத்தினை மணிக்கு வாறாய்?" என்று கேட்டவர், இப்போது "நாளைக்கு வாறியோ?" என்று கேட்டார். நான் போனேன். அணி தோற்றது. வரும் வழியில் கோச்சில் அவர் என் பக்கம் திரும்பாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பிறகு ஒரு வருடம் எங்கள் அணிக்கு என்ன பிடித்ததோ, சொந்த மைதானத்தில் எல்லாரையும் வெல்லத் தொடங்கியது. நான் போன வெளியூர்களில் மட்டும் சமநிலையைத் தாண்டவில்லை. கடைசிப் போட்டி வடக்கே, கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில். வென்றால் மேல் பிரிவு. இல்லையென்றால் பழையபடி அதே குட்டை. அந்த ஊர் மைதானம் சிறியது. எங்களுக்கு ஒதுக்கியது ஒரு கையளவு டிக்கெட். புள்ளி பார்த்துக் கொடுத்ததில் எனக்குக் கிடைத்தது. அண்ணைக்கும் தட்டுத்தடுமாறிக் கிடைத்தது. மலேசியக்காரனுக்கு மயிரிழையில் தவறிவிட்டது. அந்தக் குளிர்காலம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்ததில் சில போட்டிகளை விட்டிருந்தான்.

அந்த ஞாயிறு அறையில் ஒருவரும் விலையைப் பற்றிப் பேசவில்லை. அண்ணை தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். மலேசியக்காரன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரணியின் பின்வரிசை பற்றி அவனிடம் கேட்டேன், ஒரு சொல்லில் பதில் சொன்னான். எனக்கு விளங்கிவிட்டது. என்ன நினைக்கிறார்கள் என்பதும், அதை அவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள் என்பதும். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் பெருந்தன்மை காட்டுவது என் பழைய வியாதி.

"நான் நிக்கிறன்" என்றேன். "என்ர ரிக்கற்றில இவன் போகட்டும். நான் வந்து எதுக்கு உங்கட சந்தோசத்தைக் கெடுப்பான்?"

எங்கள் ஆட்களுக்கு இந்தப் பேச்சின் முறை தெரியும். ஒரு வீட்டுக்குப் போனால் சாப்பாடு வேண்டாம் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். சும்மா இருங்கோ என்று வீட்டுக்காரர் வற்புறுத்துவார். இன்னொரு முறை வேண்டாம் என்போம். மூன்றாம் முறை சோற்றுக் கோப்பை வந்துவிடும். முதல் மறுப்பை எடுத்துக்கொள்கிறவனை ஊர் மனிதனாகவே மதிக்காது. நான் அந்த வற்புறுத்தலுக்காகக் காத்திருந்தேன். "விசர்க் கதை கதையாதை" என்று அண்ணை என் தலையில் ஒரு குட்டு வைப்பார் என்று காத்திருந்தேன். அந்தக் குட்டு எனக்குத் தேவையாக இருந்தது.

"சே, என்ன மச்சான் இது! நான் சும்மா போட்ட கணக்கு அது. நீதான் போகணும்" என்றான் மலேசியக்காரன். அது ஒன்று. நான் அண்ணையைப் பார்த்தேன்.

அண்ணை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி தானாச் சொல்லுறான். நல்ல மனம். நாங்கள் அதைத் தட்டக் கூடாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்ப சனிக்கிழமை அக்காவோட கடையில நிப்பியோ? தனிய அவளுக்கு ஏலாது" என்று தன் மனைவிக்காகக் கேட்டார்.

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல? மரியாதைக்குச் சொன்னேன் அண்ணை, எனக்குப் போக வேண்டும், எல்லாரையும்விட எனக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ இரவுகள் படுக்கையில் கிடந்து அதைச் சொல்லியிருக்கிறேன். அந்த அறையில் வாய் வரவில்லை. டிக்கெட்டை மலேசியக்காரனிடம் கொடுத்தபோது அவன் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், கண்ணைப் பார்க்கவில்லை.

அந்தப் போட்டிக்குப் பிறகு நான் ஒரு வெளியூர்ப் போட்டிக்கும் போகவில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. புள்ளிகள் பழசாகிக் கழிந்தன. ஞாயிறு சபைக்கு முதலில் ஒன்றுவிட்டு ஒன்று போனேன், பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனேன். இன்று அவர்களைக் கண்டால் சுகம் விசாரித்துக்கொள்கிறோம். நல்ல மனிதர்கள். அதுதான் கஷ்டம், யாரையும் திட்டி ஆற முடியவில்லை.

போட்டி நடந்த அந்தச் சனிக்கிழமை கடையில் கூட்டம். அக்கா, அதாவது அண்ணையின் மனைவி, கல்லாவில் இருந்தார். எனக்குச் சம்பந்தம் தேடித் தேடிக் களைத்தவர் அவர்தான். நான் கத்தரிக்காய்ப் பெட்டிகளை உடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மீன் பெட்டிக்கு மேலே ரேடியோ.

"ஏன் தம்பி நீர் போகேல்லை? வருசம் முழுக்கப் போனது நீரெல்லோ?" என்று கேட்டார்.

"என்ர ராசி சரியில்லை அக்கா" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. சில்லறையை எண்ணிக்கொண்டிருந்த கை நின்றது. "ஆர் சொன்னது?" என்றார். நான் அடுத்த பெட்டியை உடைத்தேன். அவருக்கு யாரென்று தெரிந்திருக்கும். எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் வாங்கிவிட்டோம். உண்மையைச் சொல்கிறேன், என் மனதில் ஒரு மூலையில் இனிப்பாக இருந்தது. நான் இல்லாமலும் தோற்கிறார்களே! தோற்றுவிட்டால் அந்தத் தாள் பொய்யாகிவிடும், அடுத்த ஞாயிறு அதைச் சொல்லிச் சொல்லியே அவர்களைக் கொன்றுவிடலாம். இரண்டாம் பாதியில் எங்கள் அணி சமப்படுத்தியது. அப்போது அந்த இனிப்பு எங்கேயோ போய்விட்டது. நான் கத்தரிக்காயை விட்டுவிட்டு மீன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிய ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும்போது கோர்னரிலிருந்து வந்த பந்தை எங்கள் பின்வரிசைக்காரன் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். நான் போட்ட கூச்சலில் முருங்கைக்காய் தெரிவு செய்துகொண்டிருந்த ஒரு அம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டார். துள்ளினேன். கட்டிப்பிடிக்க யாரும் இல்லாததால் அரிசி மூட்டையைக் குத்தினேன். அக்கா கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. சந்தோசத்தில் என்றுதான் நினைத்தேன்.

விசில் ஊதி முடியவும் என் கைத்தொலைபேசி அடித்தது. அண்ணை. முதலில் சத்தம்தான் கேட்டது. அந்த மூலை முழுவதும் பாடிக்கொண்டிருந்தது. அவர் தொலைபேசியை உயர்த்திப் பிடித்து எனக்குக் கேட்கவைத்தார். அந்தக் குரல்களுக்குள் சான்ட்விச் கிழவரின் கட்டைக் குரலைத் தேடினேன். பிறகு அண்ணை பேசினார். அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தம்பி, கேட்டியோ? ஏறிட்டமடா! ஏறிட்டம்!" மூச்சு வாங்கினார். பிறகு, உலகத்தில் எனக்கு எவரும் காட்டாத அன்போடு சொன்னார்: "நல்ல காலம் தம்பி, நீ வரேல்லை."

"ஓம் அண்ணை" என்றேன். மரியாதைக்குச் சொல்லவில்லை. அந்த நிமிடம் நானும் அதை நம்பினேன்.