எங்க வூட்டு ஆளு

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சாட்டையால் அடித்தவன் மேல்கூட அவ்வளவு எரிச்சல் இல்லை. அவன் பெரும்பாலும் அடித்துவிட்டுப் போய்விட்டான், உட்கார்ந்து எழுதவில்லை. நல்லவர்கள்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். நாங்கள் சோறு போடுகிறோம், துணி எடுத்துக் கொடுக்கிறோம், சீக்கு வந்தால் வைத்தியம் பார்க்கிறோம், எங்களை விட்டால் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? இதைத் தெரிந்துகொள்ள நான் எதற்கு அகராதியைப் புரட்ட வேண்டும்? எங்கள் ஊர்ப் பெரிய வீட்டு வாசலில் கால் மணி நேரம் நின்றால் தமிழிலேயே கேட்டுவிடலாம்.

அப்போது நான் அஞ்சல்வழியில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் டுட்டோரியல் நடந்தது. எம்.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த ஒருவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பழைய அமெரிக்க உரைநடை என்று ஒரு தாள். அதற்காக அவர் எங்கிருந்தோ தடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து, அடிமை முறையை எதிர்த்தவர்களையும் ஆதரித்தவர்களையும் மாற்றி மாற்றி வாசிப்பார். கீழே மூட்டை இறக்குகிற சத்தம், மூக்கைப் பிடுங்குகிற மருந்து நெடி, இவற்றுக்கு நடுவில் அவர் குரல் தழுதழுக்கும். மனித குலமே வெட்கப்பட வேண்டும் என்பார். மனித குலம் என்றதும் பையன்கள் எல்லாம் சோகமாக முகத்தை வைத்துக்கொள்வார்கள். அந்த முகங்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வகுப்பில் பெண்கள் இரண்டே பேர், நானும் ஆண்டையின் மகளும். ஆண்டை என்பது எங்கள் ஊர் நிலக்காரர். கல்வராயன் மலை அடிவாரத்தில் நஞ்சையும் கரும்புமாக அவருக்கு நிறைய இருந்தது. என் அப்பா அவரிடம் படியாள். வருஷத்துக்குப் பேசிவைத்த ஆள் என்று பெயர், ஆனால் எந்த வருஷமும் முடிந்ததில்லை. ஏர், மாடு, தண்ணீர் கட்டுவது எல்லாம் அப்பா. தொழுவம் அம்மாவுடையது. ஆண்டையின் மகளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் மனமில்லை. அதனால்தான் அவளும் உரக்கடை மாடிக்கு வந்தாள்.

பஸ்ஸில் அவள் உட்காருவாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நான் நிற்க வேண்டும். மாடியில் பெண்களுக்கு ஒரே பெஞ்சு, அங்கே வேறு வழியில்லை. ஒரே பெஞ்சில் உட்காருகிறோம் என்று ஊரில் மூச்சு விடக்கூடாது என்று முதல் நாளே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நாங்கள் ஒரே வயது. அவள் என்னை வாடி போடி என்பாள், நான் வாங்க போங்க என்பேன். இது எங்கள் இருவருக்குமே மூச்சு விடுவது போலப் பழகியிருந்தது.

அவள் கெட்டவள் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவளாக இருந்தால் ஒரு வழியாக வெறுத்துத் தொலைக்கலாம். ஒருநாள் சார் பழைய உயில் ஒன்றைப் பற்றிச் சொன்னார். ஒரு பண்ணைக்காரர் தன் மகளின் கல்யாணத்துக்குக் கட்டில், பசுமாடு, வெள்ளிக் கரண்டிகள் என்று வரிசையாக எழுதி, அவற்றுக்கு நடுவில் ஒரு கறுப்புப் பெண்ணையும் எழுதியிருந்தாராம். ஆண்டையின் மகள் தாவணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பாவம்டி. அந்தப் பொண்ணோட அம்மா எப்பிடித் துடிச்சிருப்பா?” என்று என் காதோடு சொன்னாள்.

அந்த மாதமே அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை உளுந்தூர்பேட்டை, லாரிகள் வைத்திருந்த குடும்பம். ஐப்பசியில் முகூர்த்தம். பெரிய வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போகும்போது பாத்திரம் பண்டத்தோடு கூடமாட வேலை செய்ய படியாள் வீட்டிலிருந்து ஒரு பெண்ணும் போக வேண்டும். இது எங்கள் ஊர் வழக்கம். என் அத்தை, அப்பாவின் தங்கை, அப்படித்தான் ஆண்டையின் தங்கையோடு போனாள். அந்த அம்மாள் செத்துப்போகிற வரைக்கும் அங்கேயே கிடந்தாள். தலை நரைத்த பிறகு வெளியே வந்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்தாள். அவளுக்குக் கல்யாணம் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

இப்போது என் முறை. அப்பா கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஆண்ட சொல்லிட்டாரும்மா. ரெண்டு வருசந்தான். ஒண்ணா படிச்ச பொண்ணு, உன்ன வேலக்காரி மாதிரியா வெச்சிக்கும்?”

“வேற இன்னா மாதிரி வெச்சிக்குமாம்?”

எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் தங்கை கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். நான் போகமாட்டேன் என்று சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, அதை நீ போய் ஆண்டையிடம் சொல் என்றாள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை, என்னைத் தவிர.

அந்தச் சமயத்தில்தான் இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. ஆண்டையின் சாதிக்காரர்கள்தான் தங்களுக்குத் தனியாக இடம் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை, இதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். ஆண்டையைப் போல நிலம் வைத்திருந்தவர்கள் அவர்களிலும் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் வெயிலில் கரும்பு வெட்டி, பிள்ளையைப் படிக்க வைத்து, அந்தப் பிள்ளை வேலையில்லாமல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த அமெரிக்கப் புத்தகங்களில் இன்னொரு ரகமும் இருந்தது. இங்கிலாந்து ராஜா எங்களுக்கு வரி போடுகிறான், நாங்கள் என்ன அடிமைகளா என்று கொதித்து எழுதியவர்கள். அவர்கள் கொதித்து எழுதிய நேரத்தில் கொல்லையில் அவர்களுடைய ஆள் விறகு பிளந்துகொண்டிருந்தான். மேலே இருப்பவனிடம் நியாயம் கேட்கிற வாய் கீழே திரும்பினால் அதட்டத்தான் செய்யுமா என்ன? இதை நான் வகுப்பில் கேட்டேன். சார் பையன்களைப் பார்த்தார், பிறகு இன்றைக்கு இது போதும் என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

மறியல் அன்று காலை பஸ் ஓடியது. மத்தியானம் நாங்கள் மாடியிலிருந்து இறங்கியபோது பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டிகூட இல்லை. கச்சிராயபாளையம் ரோட்டில் நடக்கத் தொடங்கினோம். அவளும் நானும் அருகருகே நடந்தது அதுதான் முதல் தடவை. வெயில் கொளுத்தியது. மலை மட்டும் எதிரே நீலமாக நின்றது.

“எங்கள இன்னும் எத்தினி காலத்துக்குத்தான் கீழயே வெச்சிருப்பாங்க? பொறுத்துக்கினு போறதுக்கும் ஒரு அளவு இருக்குது இல்ல?” என்றாள். ஆண்டை பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் ரோஷம் வந்திருந்தது. உடனே, “உளுந்தூர்பேட்டைல உனக்கும் ஒண்ணும் கஷ்டம் இருக்காதுடி. மாமியா வூட்டுல தனி பம்பு இருக்குது” என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

சாலையோரப் புளியமரம் ஒன்றை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அதன்மேல் பத்துப் பதினைந்து பேர், கையில் கோடாலியும் கம்புமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் எழுந்து, யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். அவள் அப்பாவின் பெயரைச் சொன்னதும் மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். கிளையை இழுத்து வழி ஒதுக்கினார்கள். பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

“இது யாரும்மா?”

“எங்க வூட்டு ஆளுண்ணா. எங்கூடதான் வருது. விட்டுடுங்க.”

அவர் நகர்ந்துகொண்டார். அவ்வளவுதான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. பழைய அமெரிக்கச் சட்டங்களைப் பற்றி அந்த வாரம்தான் படித்திருந்தேன். எஜமான் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஓர் அடிமை ரோட்டில் நடந்தால் எவன் வேண்டுமானாலும் பிடித்து நிறுத்தலாம். சீட்டு இருந்தால் விட்டுவிடுவார்கள். அவனை விடுவதாக அர்த்தம் இல்லை, அவனுக்குச் சொந்தக்காரன் இருக்கிறான் என்று அர்த்தம். இங்கே சீட்டுகூட வேண்டியிருக்கவில்லை, வாயால் சொன்னால் போதுமாக இருந்தது.

மரத்தைத் தாண்டியதும் அவள் பெருமையாகச் சிரித்தாள். “பாத்தியா? நான் இல்லன்னா உன்ன விட்டிருப்பாங்களா?”

விட்டிருக்க மாட்டார்கள், அது உண்மைதான். நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் திரும்பி அந்த மனிதரிடம் போனேன்.

“நான் இவங்க வூட்டு ஆளு இல்லீங்கண்ணா. படிக்கிற பொண்ணு. தனியாதான் வந்தேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்தத் தெரு?” என்றார். காலனி என்றேன். பின்னால் ஒருத்தன் கெட்ட வார்த்தை சொன்னான். இன்னொருத்தன் கம்பை எடுத்தான்.

“அப்ப வந்த வழியே திரும்பிப் போ. பொம்பளப் புள்ளையாச்சேன்னு வுடறேன்” என்றார் அவர்.

திரும்பினேன். முதுகில் கல் விழும் என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தேன். “பைத்தியமாடி உனக்கு?” என்று அவள் கத்தியது கேட்டது. அவள் நிஜமாகவே எனக்காகப் பயந்துபோய்க் கத்தினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கள்ளக்குறிச்சிக்கே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் அத்தை வேலை முடிந்து வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னதும் அத்தை என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். இனி பரீட்சை வரைக்கும் அத்தையோடுதான் என்று முடிவு செய்தேன். ரோடு திறந்த பிறகும் ஊருக்குப் போகவில்லை. தீபாவளிக்கும் போகவில்லை.

ஐப்பசிக் கல்யாணம் முடிந்த பிறகு அப்பா வந்தார். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியில் நின்று துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு போயாவணும்னுட்டாரு. சின்னத அனுப்பிச்சிட்டேன்.”

எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியதும் நான் கத்திய கத்தலில் மருந்துச் சீட்டோடு நின்றிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அப்பாவைப் பார்த்து என்னவெல்லாமோ சொன்னேன். அவர் தலை நிமிரவே இல்லை. நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் சின்னவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள் என்று பிற்பாடு பலர் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். இதைச் சொன்னவர்களில் ஒருவர்கூட ஆண்டை கேட்காமல் இருந்திருக்கலாமே என்று சொன்னதில்லை. அந்தக் கணக்கை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நேரே மாடிக்குப் போய் சாரிடம் சொன்னேன். கூட வந்து நாலு வார்த்தை கேளுங்கள் என்றேன். அவருடைய கண் கலங்கியது. “பரீட்சை முடியட்டும்மா. கொஞ்சம் பொறுத்து, நிதானமா பாக்கலாம்” என்றார். அடிமை முறை பாவம் என்று அழுத்தம் திருத்தமாக எழுதிவிட்டு, ஆனால் அவசரப்படாமல் மெல்ல மெல்ல விடுவிக்கலாம் என்று கடைசிப் பத்தியில் எழுதியவர்களை அவர்தான் எங்களுக்கு நடத்தியிருந்தார். மெல்ல மெல்ல என்றால் யாருடைய வயசில் மெல்ல மெல்ல? மறுநாள் காலை உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறினேன்.

நான் அப்படிப் போனதால் பிற்பாடு அப்பாவின் படியாள் வேலை போனது. அதே வாரம் குடிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் வெள்ளிமலைக்கு ஏறி, மலைப்பாதைக்கு ஜல்லி உடைத்துப் பிழைத்தார்கள். மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் விழுந்தாள். அப்பா நெடுநாள் என்னோடு பேசவில்லை. இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு பஸ்ஸிலேயே தெரியும். தெரிந்துதான் போனேன்.

உளுந்தூர்பேட்டையில் லாரி பட்டறைகளைத் தாண்டி மாடி வீடு. முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன். அவள் பட்டுப்புடவையில் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வந்துட்டியா! எனக்குத் தெரியும்டி, நீ வந்துருவன்னு” என்றாள். நான் கையை விடுவித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். பம்படியில் என் தங்கை கல்யாணத்து அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து நீலப் பாவாடை. முழங்கை வரைக்கும் கரி.

“என்கூட வர்றியா? இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லு” என்றேன்.

அவள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பம்பை அடித்துக் கையைக் கழுவினாள், பாவாடையில் துடைத்துக்கொண்டாள், என் பக்கத்தில் வந்து நின்றாள். கூடத்தின் வழியாகவே வெளியே நடந்தோம். ஆண்டையின் மகள் வாசற்படியில் கையை விரித்து மறித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

“யாரக் கேட்டுடி இவளக் கூட்டிக்கினு போற?”

“அவளத்தான் கேட்டேன்.”