காலண்டர் அட்டைக்குப் பின்னால்

செய்தி வந்தபோது, ஐந்தருவிச் சாலையில் அஸ்கர் வீட்டுப் பழக்கடையில் நின்று, சட்டையில் கறை படாமல் மங்குஸ்தானை உடைப்பது எப்படி என்று ஒரு மதுரைக் குடும்பத்துக்கு வித்தை காட்டிக்கொண்டிருந்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அஸ்கர் போனைக் காதில் வைத்தான். கேட்டுவிட்டுக் கீழே இறக்கினான்.

"ஏலே, பேச்சி அக்கா போயிட்டாளாம்."

"எங்கலே, டூட்டிக்கா?" என்று கேட்டேன். என் வாய் அப்படி. அவன் சிரிக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் அந்தக் கடையில் கூடிய உங்களுக்கும், புளியறை செக்போஸ்ட்டில் பேச்சியம்மாள் அக்காவோடு நின்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதித்தான் பார்த்தேன். நேரில் 'நீ', பேப்பரில் 'அவரா' என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. அடித்துவிட்டேன்.

எங்கள் ஆட்டத்தைப் பற்றி அவளோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக இருந்து, என்ன செய்கிறோம் என்று சொல்வோம். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். கதை நடத்தியவள் அக்கா. நான் பூனைக்கண்ணன் என்ற திருடன். போலீஸ்காரி முன்னால் உட்கார்ந்து வாராவாரம் திருடியவன் இந்தத் தென்காசி ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

சீசன் இல்லாத மாதங்களில் பழக்கடை சும்மா கிடக்கும். அங்கேதான் ஆட்டம். இரண்டு காலண்டர் அட்டைகளைத் துணி டேப்பால் ஒட்டி, புத்தகம்போல விரித்து, அக்கா தனக்கு முன்னால் மறைப்பாக நிறுத்திக்கொள்வாள். எங்கள் பக்கம் முருகன். அவள் பக்கம் எங்கள் தலையெழுத்து.

முதல் நாளே எனக்கும் அவளுக்கும் சண்டை. கதையில் ஒரு சத்திரத்து அறை. "நல்லாத் தேடுதேன்" என்றேன்.

"நல்லாத் தேடுனேன்னு எழுதிக் குடுத்தா எங்க இன்ஸ்பெக்டர் விடுவாரால? கைய எங்க விடுதே? அதச் சொல்லு."

"எல்லா இடத்துலயும்."

"எல்லா இடத்துலயும் தேடுதவன் எங்கயும் தேடல" என்று சொல்லிவிட்டு, அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டினாள். "ஒண்ணும் இல்ல" என்றாள்.

அந்த 'ஒண்ணும் இல்ல'தான் அவளுடைய ஆயுதம். தேடும்போதும் ஒளியும்போதும் பகடையை அவளே மறைவாக உருட்டுவாள். விழுந்த எண்ணைச் சொல்ல மாட்டாள். அங்கே உண்மையிலேயே ஒன்றும் இல்லையா, இருந்தும் நம் கண்ணில் படவில்லையா, தெரியாது. இடத்தைக் குறிப்பிட்டு, "அரிசிப் பானைக்குள்ள கைய விடுதேன்" என்று சொன்னால் மட்டும் பகடையே கிடையாது. இருந்தால் எடுத்துக் கொடுத்துவிடுவாள். சரியான இடத்தில் கைவைத்துக் கேட்டவனிடம் அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் அவள் டீ வாங்கப் போனபோது பகடையை எடுத்து எடை மெஷினுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். திரும்பி வந்தவள் எதையும் புரட்டவில்லை. எங்களை வரிசையாக நிற்கவைத்து, டீயை உறிஞ்சியபடி ஐந்து நிமிடம் பார்த்தாள்.

"ஏலே, எட மெஷின் உனக்கு என்ன பாவம் செஞ்சுது? அந்தப் பக்கமே திரும்ப மாட்டங்கியே!"

நான் வாயைத் திறப்பதற்குள் பகடை அவள் கையில் இருந்தது. தேங்காய் லோடு ஏற்றி வரும் டிரைவர்களைப் பார்த்துக் கற்ற பாடமாம். "ஒளிச்சவன் ஊரையெல்லாம் பாப்பான், ஒளிச்ச எடத்தப் பாக்க மாட்டான்" என்றாள். அன்று முழுக்க என் திருடனுக்குக் கதையில் வயிற்றுப்போக்கு. தண்டனை.

இனி எழுதுவதுதான் கஷ்டம்.

பங்குனி வாக்கில் ஒரு சனிக்கிழமை, அக்காவின் இடது கையில், நரம்பு ஓடும் இடத்தில், பஞ்சு வைத்த பிளாஸ்திரி இருந்தது. அன்று சாயங்காலம்வரை அவள் அந்தக் கையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். "என்னக்கா, கொசுக்கடிக்கெல்லாம் டிரெஸ்ஸிங்கா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அடுத்த வாரம் அவள் நோட்டில் அடையாளத்துக்குத் திருவனந்தபுரம் பஸ் டிக்கெட் இருந்தது. அதையும் நான்தான் பார்த்தேன். "மலையாளத்துக்காரன் எவனாவது மாட்டிக்கிட்டானாக்கா?"

"ஆமாலே, வெள்ளக் கோட்டுப் போட்டவன்."

"டாக்டர் மாப்பிள்ளையா! கல்யாணத்துக்கு அடப் பிரதமன் பாயசம் உண்டுல்லா?" என்று நான் குதித்தேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து பகடையை உருட்டினாள்.

அஸ்கர் ஒருவன்தான் கேட்டான்: "மேலுக்குச் சொகமில்லையாக்கா?" "ஒண்ணும் இல்லலே, டூட்டி ஜாஸ்தி." அவன் பொதுவாகக் கேட்டான், பொதுவான பதில் கிடைத்தது. கை வைக்க வேண்டிய இடம் எனக்குத் தெரியும். அங்கே நான் ஜோக்கை வைத்தேன்.

அருவியில் தண்ணீர் விழுந்தால் எங்கள் ஆட்டம் நின்றுவிடும். பழம் இறங்க, கடை திறந்தது. "கூட்டம் கொறையட்டும், உன் திருடன் கோட்டைக்கு வெளிய புதருக்குள்ளயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் ஏறினாள். பூனைக்கண்ணன் இன்னும் அந்தப் புதருக்குள்தான் கிடக்கிறான். அவனை யாராவது பார்த்தார்களா என்பது அட்டைக்குப் பின்னால் விழுந்த எண். அவளுக்கு மட்டும் தெரியும்.

காரியம் முடிந்த மறுநாள் நானும் அஸ்கரும் அவள் வீட்டுக்குப் போனோம். அக்காவின் அம்மா அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். "இத என்ன செய்யணும்னு எனக்குத் தெரியலய்யா. நீங்களே வச்சுக்கிடுங்க."

முதல்முறையாக அட்டையின் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். கதையில் வரும் எங்கள் ஆட்களின் பெயர்கள், பக்கத்தில் எண்கள். தேடாமலே ஒருவர் கண்ணில் எவ்வளவு படும் என்பதற்கான எண் அது. பூனைக்கண்ணனுக்குத்தான் எல்லோரையும்விட அதிகம். அதற்குப் பக்கத்தில், அவளுடைய சாய்ந்த கையெழுத்தில், பென்சிலில் இரண்டு வரி:

"பாத்துருவான். கேக்க மாட்டான்."

"அது உன் திருடனப் பத்தி எழுதுனதுலே" என்றான் அஸ்கர். என் முகம் எப்படி இருந்ததோ. "அப்படித்தான் இருக்கும்" என்றேன். எப்போது எழுதினாள் என்று பென்சில் சொல்லாது.

அப்போதுதான் கவனித்தேன். எங்களோடு பேசிய நேரமெல்லாம் அந்த அம்மா வாசலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அடுப்படிப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. நாக்கு நுனிக்கு ஒரு கேலி வந்தது. விழுங்கினேன்.

"காலைல என்ன சாப்ட்டியம்மா?"

"ஒண்ணும் இல்லய்யா... இனிமேத்தான்."

"நேத்து?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். அஸ்கர் இட்லி வாங்க ஓடினான். நான் அடுப்படிக்குப் போய்ப் பால் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு காய்ந்த பாத்திரம் மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் இப்போதும் கால் தானாக ஐந்தருவி பஸ்ஸுக்குப் போகிறது. பகடை அஸ்கரிடம் இருக்கிறது. அட்டையை நான் வைத்திருக்கிறேன், அந்தப் பென்சில் வரிக்காக. முதல் வரி அப்படியே இருக்கட்டும், அக்கா. இரண்டாவதைப் பொய்யாக்கப் பார்க்கிறேன்.