கையெழுத்துக்குக் காத்திருந்த தரை

கியும்பானி ஊரார் கமெனேயைக் குழுத் தலைவியாக்கியதற்கு அவளுடைய அறிவு காரணமல்ல. சண்டை போடும் தெம்புதான் காரணம். ஒரு வறட்சிக் காலத்தில், தண்ணீர்க் குழாயடியில், பகுதித் தலைவரின் மனைவி தன் கழுதையை வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கமெனே வரிசையிலிருந்து வெளியே வந்தாள். அந்தக் கழுதையின் காதைப் பிடித்து வரிசையின் கடைசிவரை நடத்திக்கொண்டு போய் விட்டுவிட்டுத் தன் இடத்துக்கு வந்து நின்றாள். கழுதைக்குக்கூட அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

சுகாதார நிலையத்துக்குப் பிரசவ அறை கட்டக் கவுன்டி அரசு, அதாவது மாவட்ட அரசு, பணம் ஒதுக்கியபோது, வேலையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஏழு பேர் கொண்ட குழு வேண்டும் என்றார்கள். எங்கள் கவுன்டியில் அதுதான் முறை. இன்ஜினியர் சரி என்று சொன்னாலும், ஊர்க்குழுத் தலைவர் கையெழுத்துப் போடாமல் காண்ட்ராக்டருக்கு ஒரு ஷில்லிங் போகாது. கூட்டத்தில் கமெனேயின் பெயரைச் சொன்னவர் மாம்பழத் தரகர் கிசிலு. கழுதைக் கதையை ஒருமுறை சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். வேறு பெயர் வரவில்லை.

அவளுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. புருஷன் மொம்பாசா துறைமுகத்தில் காவல் வேலை, கிறிஸ்துமஸுக்கு வருவான். இரண்டு ஏக்கரில் சோளமும் பச்சைப்பயறும், வேலியோரம் பன்னிரண்டு மாமரங்கள். மகன் கியோகோவின் மனைவிக்கு முதல் பிரசவம் சுகாதார நிலையத்தின் சாமான் அறையில் நடந்தது. மருந்துப் பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு நடுவில் பாய் போட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு நர்ஸ் கதுங்கே முட்டி போட்டுத் தரையைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்ததைக் கமெனே பார்த்துக்கொண்டிருந்தாள். பேரனின் முகத்தைவிட அந்தத் துணிதான் அவளுக்கு நினைவில் நின்றது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒப்பந்தம் முலிக்குப் போனது. முலி அவளுடைய அண்ணன் மகன். செய்தி வந்த அன்றே குழுவைக் கூட்டி விஷயத்தைச் சொன்னாள், வேண்டுமானால் விலகிக்கொள்கிறேன் என்றாள். கிசிலு சிரித்தார்.

"சொந்தக்காரன்னா நல்லதுதானே, கியோகோ அம்மா. திட்டறதுக்குக் கூச்சப்பட வேண்டாம்."

முலி மோசமானவன் இல்லை. நைரோபியில் கொத்தனாருக்கு எடுபிடியாக இருந்து, மேஸ்திரியாகி, கடன் வாங்கி, சொந்தமாகத் தொழில் தொடங்கியவன். இதுதான் அவனுடைய முதல் அரசு வேலை. சுவர் நேராக எழும்பியது. கூரைத் தகடு ஒப்பந்தத்தில் சொன்ன கனத்திலேயே வந்தது. ஜூன் மாதம் பாதியில் வெளிர்நீலச் சுண்ணாம்பும் அடித்து முடித்துவிட்டான். இன்ஜினியர் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போனார். வார்டு அதிகாரி கியாலோ கையெழுத்து வாங்க வந்த நாளில் ஊரில் பாதிப்பேர் அறைக்கு வெளியே கூடியிருந்தார்கள். முலியின் செலவில் பால் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஊரில் உருவான கதையில், கமெனே தரையைச் சோதித்துப் பார்க்கவே தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள் என்று வரும். அப்படி இல்லை. தரையெல்லாம் சிமென்ட் தூசியாக இருந்தது. கட்டிலை உள்ளே கொண்டுவருவதற்கு முன் கழுவிவிடலாம் என்று நினைத்தாள், அவ்வளவுதான். ஆற்று மணலைத் தோண்டி எடுத்து, கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுவந்த தண்ணீர். ஒரு கேன் முழுவதையும் அவள் தரையில் கவிழ்த்தபோது கிசிலு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, இதுல என் மாட்டுக்கு ரெண்டு வேளை தாகம் தீரும்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் தண்ணீர் நடுத்தரையில் கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு, மூலையில் இருந்த கழிவுநீர்த் துளையை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம், கட்டில் போட வேண்டிய சுவரோரமாகப் போய்த் தேங்கியது. தரைக்கு வாட்டம் தப்பாக விழுந்திருந்தது. காய்ந்த தரையில் அது யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. இன்ஜினியர் பார்த்ததும் காய்ந்த தரைதான்.

நர்ஸ் கதுங்கே அந்தச் சுவரோரம்தான் நின்றிருந்தாள். தண்ணீர் காலுக்கு வந்தபோது செருப்பைத் தூக்கி ஓர் அடி பின்னால் வைத்தாள்.

முலி துடைப்பத்தை எடுத்தான். "கொஞ்சம் தள்ளிவிட்டா போயிடும் அத்தை."

"பிரசவம் பாக்குற இடம்டா இது. இங்க தண்ணி மட்டுமா கொட்டும்?"

டீ ஆறிப்போனது. கமெனே கையெழுத்துப் போடவில்லை.

கியாலோ பொறுமையாக விளக்கினார். அவர் கெட்டவரும் இல்லை, அவசரக்காரரும் இல்லை, காலண்டருக்குக் கட்டுப்பட்டவர். கவுன்டி அரசின் ஆண்டு ஜூன் முப்பதில் முடிகிறது. அதற்குள் கொடுக்காத பணம் கருவூலத்துக்குத் திரும்பிப் போய்விடும். அடுத்த ஆண்டுக் கணக்கில் அதற்கு மறுபடி இடம் தேட வேண்டும், யாராவது எழுந்து கேட்க வேண்டும், கேட்டாலும் கிடைக்கும் என்று உறுதியில்லை. இப்போது கையெழுத்துப் போடுங்கள், ஜூலையில் தரையைப் பெயர்த்துப் போட்டுத் தருவதாக முலியிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

அன்று மாலை முலி வீட்டுக்கு வந்தான். கமெனே அவனுக்குச் சோளமும் பயறும் வேகவைத்துக் கொடுத்தாள். அவன் தொடவில்லை. சிமென்ட் கடைக்காரனுக்குக் கொடுக்க வேண்டியதையும், வட்டிக்காரனிடம் அடகு இருக்கும் மோட்டார் சைக்கிளையும் சொன்னான். பணம் கைக்கு வந்த மறுநாளே தரையைப் பெயர்க்கிறேன் என்றான். அவன் பேசி முடிப்பதற்குள் அண்ணனிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது. அண்ணன் அதிகம் பேசவில்லை. நம்ம பையன் என்று மட்டும் இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

முலி பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் சங்கடமாக இருந்தது. பொய் சொல்கிறவனை மறுப்பது எளிது. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஜூன் மாதத்து முலியை அவள் முழுமையாக நம்பினாள். ஜூலை மாதத்து முலியை அவளுக்குத் தெரியாது, அவனுக்கே தெரியாது. அந்த முலியின் கையில் பணம் இருக்கும், வேறு ஊரில் வேறு வேலை காத்திருக்கும்.

"முதல்ல தரையப் பேத்துப் போடு. அப்புறம் பேசலாம்" என்றாள்.

அந்த வாரம் ஊர் அவளிடம் பேசிய விதம் மாறியது. ஆற்று மணலில் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சந்தையில் கிசிலு எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"ஒரு வாளித் தண்ணிக்காக ஒரு கட்டடத்தையே திருப்பி அனுப்பப் போறியா? உன்னத் தலைவியாக்கினதே நான்தான். என் வாயத்தான் அடிச்சுக்கணும்."

"அடிச்சுக்கோங்க. தரை சரியாகாது" என்றாள் கமெனே. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதிலில் கொஞ்சம் அகங்காரம் இருந்ததோ என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

முலி கடைசியில் தரையைப் பெயர்த்தான். மனம் மாறி அல்ல. வேறு வழி இல்லாமல். அடகில் இருந்த வண்டியை வட்டிக்காரனுக்கே விற்று, மிஞ்சியதில் சிமென்ட் வாங்கி, ரசமட்டம் வைத்து இரண்டு நாள் தனியாளாக நின்று போட்டான். ஜூன் முப்பது காலையில் கியாலோ தாள்களோடு வந்தபோது புதுத் தரையின் மேல் ஈரச் சாக்குகள் பரப்பியிருந்தன. காங்கிரீட் இறுக இன்னும் ஒரு வாரமாவது வேண்டும்.

"தரை போட்டாச்சு. நீங்க கேட்டது நடந்துடுச்சு. போடுங்கம்மா" என்றார் கியாலோ.

முலி வாசலில் நின்றான். சிமென்ட் தூசியில் உதடு வெடித்திருந்தது. "இந்தத் தடவ சரியா இருக்கு அத்தை. என் மேல சத்தியமா."

கமெனே சாக்கின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள். ஈரமும் சாம்பல் நிறமும் தவிர ஒன்றும் தெரியவில்லை. இதற்குப் பெயர் நேர்மையா வீம்பா என்று அவளுக்குள்ளேயே ஒரு கேள்வி எழுந்தது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. போன தடவையும் எல்லோரும் சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். அந்தத் தாளில் எழுதியிருந்தது "பார்த்து ஏற்றுக்கொண்டோம்" என்ற வாசகம்.

"இன்னும் பாக்கலியே. பாக்காம எப்படிப் பாத்தேன்னு போடறது?"

முலி அங்கிருந்து போய்விட்டான். அன்று சாயங்காலத்தோடு ஆண்டு முடிந்தது. பணம் திரும்பிப் போனது.

ஜூலை இரண்டாம் வாரத்தில் குழு கூடித் தண்ணீர் ஊற்றியது. தண்ணீர் தயங்காமல் மூலைத் துளைக்குப் போய் இறங்கியது. இன்ஜினியரும் வந்திருந்தார், அன்றைக்கு நான்தான் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். கமெனே கையெழுத்துப் போட்டாள். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு இப்போது பின்னால் பணம் இல்லை. அறை திறந்தது. குழந்தைகள் பிறந்தன. கதுங்கே நின்றபடியே தரையைக் கழுவினாள். முலி இன்னொருவரிடம் தினக்கூலிக்குக் கல் அடுக்கப் போனான். அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பச்சைப்பயறு விற்ற காசில் ஒரு பங்கை முலிக்கு அனுப்பினாள். அவன் அதை வந்த வழியே திருப்பி அனுப்பினான்.

தான் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். சரியாகச் செய்ததற்கான விலையை வேறொருவன் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே தலையில் சுமந்துகொண்டு அவள் அக்டோபர்வரை நடமாடினாள்.

அக்டோபரில் வார்டு கூட்டம். அடுத்த ஆண்டுப் பணத்தில் எந்த ஊருக்கு என்ன என்று மக்களைக் கேட்கும் கூட்டம். பள்ளிக்கூடத்து மரத்தடியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒவ்வோர் ஊரும் முதலாவதாகக் கேட்பது ஒன்றுதான் கணக்கில் வரும். மற்றவை எழுதி வைக்கப்படும், அவ்வளவே. கியும்பானி மூன்று ஆண்டுகளாக ஓடையின் குறுக்கே மணல் அணை, மழைநீரை மணலுக்குள் தேக்கிவைக்கும் தடுப்புச் சுவர், கேட்டுவந்தது. இந்த ஆண்டு அது கிடைக்கும் என்று கியாலோவே ஜாடையாகச் சொல்லியிருந்தார். கமெனே, அணையைக் கேட்டு முடித்த பிறகு முலியின் பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாமா, சொந்தக்காரி கேட்டால் எடுபடுமா என்று குழம்பியபடி பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கியும்பானி முறை வந்ததும் கிசிலு எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்க ஊரு இந்த வருஷம் அணை கேக்கல. பிரசவ அறை கட்டின பையனுக்குப் பணம் வரல. ஒரே தரைய ரெண்டு தடவ போட்டான். அந்தப் பாக்கியக் கொடுங்க. அதான் எங்க முதல் கோரிக்கை."

கமெனே திரும்பிப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் ஏன் தேவாலயத்திலேயே தங்கினார்கள், தன்னை மட்டும் ஏன் யாரும் நிற்கச் சொல்லவில்லை என்பது கமெனேவுக்கு இப்போதுதான் புரிந்தது.

இலெங்கி ஊர்ப் பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார். இலெங்கிக்குச் சாலை வேண்டும். கியும்பானி அணையை விட்டுவிட்டால் சாலை ஒரு படி மேலே ஏறும். ஆனாலும் சீண்டாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"அப்ப அடுத்த கோடைல உங்க மாடு எதக் குடிக்கும் கிசிலு? ரசீதயா?"

"உங்க ஊருக்கு ஓட்டிட்டு வரேன் பெரியவரே. சாலைதான் வரப்போகுதே." சிரிப்பு அடங்கும்வரை கிசிலு காத்திருந்தார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார். "நாங்க கையெழுத்துப் போட மாட்டோம்னோம், சரிதான் அது. ஆனா போடாததுக்கு ஒரு ஆளு மட்டும் அழிஞ்சான்னா, நாளைக்கு இந்த வார்டுல எவனும் போட மாட்டேன்னு சொல்லப் பயப்படுவான்."

இதை அவராகவே யோசித்தாரா, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் யாராவது சொன்னதா என்று தெரியாது. யார் சொன்னதாக இருந்தால் என்ன.

கியாலோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குழுத் தலைவி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். எல்லோரும் பின்னால் திரும்பினார்கள். கமெனே எழுந்தாள்.

"அவன் என் அண்ணன் மகன். இதுல நான் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார்கள். கியும்பானி வரிசைகள் முழுவதும் கைகள் உயர்ந்தன. மூன்று ஆண்டுகளாக ஆற்று மணலைத் தோண்டிக்கொண்டிருக்கும் பெண்களின் கைகள், அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திய பெண்களின் கைகள். இலெங்கிக்காரர்களும் தூக்கினார்கள், அதில் பெருந்தன்மை பாதி, கணக்கு பாதி. கமெனேயின் கைகள் மடியிலேயே இருந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது போல இருந்தது. தன்னைப் பற்றிய பெருமை அல்ல அது; தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிவைத்துவிட்டுச் சரியானதைச் செய்த ஓர் ஊரைப் பற்றியது.

எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்டார் கியாலோ. யார் கையும் எழவில்லை.

எந்தப் பக்கமும் சேராதவர்கள் இருந்தால் அதையும் எழுத வேண்டும், முறை அப்படி என்றார்.

கமெனே கையைத் தூக்கினாள். அந்த மரத்தடியில் அப்போது உயர்ந்திருந்தது அந்த ஒரு கை மட்டுமே. கியாலோ எழுதி முடித்த பிறகும் அவள் அதை இறக்கவில்லை.