கை வைத்த வீடு

எனக்கு வாய் அதிகம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பழவேற்காட்டுக் கரையில் விடியற்காலையில் மீன் எடுத்து, பேருந்தில் பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் கூடையோடு வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். நூறு சொன்னால் ஐம்பதுக்குக் கேட்பேன். முடியாது என்றால் எழுந்து நாலு அடி நடப்பேன். அவர்களே கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. ஒரு வீடு வாங்கப் போனபோதும் அதே புத்தியோடுதான் போனேன்.

வீடு தேடியது என் வீட்டுக்காரருக்காக. ஏரியிலேயே வளர்ந்த மனிதர். ஒருநாள் படகைத் தள்ளப் போனவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. உயிர் தங்கியதே பெரிது. கொஞ்சம் கொஞ்சமாகக் கால் திரும்பும், ஆனால் தினமும் சமதரையில் நடக்கவேண்டும் என்றார் மருத்துவர். நாங்கள் குடியிருந்ததோ பழவேற்காடு டவுனில், மாடியில். பதினேழு படி. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து, குழந்தைபோலத் தேய்த்துக்கொண்டு இறங்குவார். யாராவது வந்தால் நடுப்படியில் நின்றுவிடுவார். தெருவை வேடிக்கை பார்க்க உட்கார்ந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். கொஞ்ச நாளில் இறங்குவதையே விட்டுவிட்டார்.

ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். எட்டு மாதம் அந்த மனிதர் தண்ணீரைப் பார்க்கவில்லை. நான் மீன் விற்றுவிட்டு வந்ததும், “தண்ணி எப்படிமே இருக்கு?” என்று கேட்பார். அலுப்பில் நானும், “தண்ணி தண்ணியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிடுவேன். மறுநாள் பேருந்தில் அதை நினைத்து அழுவேன். இறங்கினால் தரை, நடந்தால் தண்ணீர். அப்படி ஒரு வீடு அவருக்கு வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

எங்கள் பக்கம் வீடு விற்பது லேசுப்பட்ட காரியமில்லை. பட்டா கிடையாது, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட பத்திரம்தான். அதைக் காட்டினால் வங்கிக்காரன் உட்காரக்கூடச் சொல்லமாட்டான். முகத்துவாரம் மணல் மூடி மீன்பாடு குறைந்துபோனதிலிருந்து வாங்குகிற கையும் குறைந்துவிட்டது. பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போய் வெளியூரிலேயே தங்கிவிடுகிறார்கள். விற்கவேண்டும் என்று சொல்லிவிட்டு மூன்று வருடம் காத்திருக்கிறவர்கள் ஒவ்வொரு குப்பத்திலும் உண்டு. வாங்குகிற எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. அவர் பங்குப் படகையும் இன்ஜினையும் விற்ற பணம், என் சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்து எட்டு லட்சம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஏழெட்டு வீடு பார்த்திருப்பேன். ஒன்றில் சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர்க் கறை. “அது மழைல இல்லீங்க, பெயிண்ட் அடிக்கும்போது அப்படியாச்சி” என்றார் வீட்டுக்காரர், கொஞ்சமும் கூசாமல். இன்னொன்றில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணனும் தம்பியும் வீடு யாருடையது என்று சண்டை பிடித்தார்கள். காட்டூரில் ஒன்று நன்றாகவே இருந்தது. நெல் வயல், நல்ல தண்ணீர்க் கிணறு. இரண்டு பேரை வைத்து இவரைத் தூக்கி இறக்கி, ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனேன். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

“இன்னாமே இது, ஒரு வாசனையும் இல்ல?” என்றார்.

“மாட்டு வாசன வருதே, அது போதாதா?” என்று கத்தினேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு முடிவாகாத வீட்டை அவருக்குக் காட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

கடைசியில் வீடு என் கண்ணெதிரேயே இருந்தது. நான் தினமும் நண்டு வாங்குகிற அக்காவின் வீடு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், புருஷனை இழந்தவள். அவளும் நானும் தினம் ஒரு சண்டை போடாமல் நண்டு கைமாறியதில்லை. வீடு இரண்டு அறை, முன்னால் தகரச் சாய்ப்பு, வாசலில் ஒரு பூவரசு. நிலைப்படி தரையோடு தரையாக இருந்தது. வாசலிலிருந்து ஏரிக்கு முப்பது அடி. நான் நடந்து பார்த்தேன்.

அவள் ஒன்பது லட்சம் சொன்னாள். கரையில், எல்லாருக்கும் எதிரில், நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“ஒம்போதா? இன்னாக்கா, ஏரியும் சேத்தா?” என்றேன். “அஞ்சு. நண்டுக்கும் கை வெச்சேன், வூட்டுக்கும் கை வெச்சேன், போ!”

கரையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி கூடையில் கை வைத்து விலை கேட்டுவிட்டால், அவள் கையை எடுக்கிறவரை அந்தக் கூடையை வேறு யாரும் கேட்கக்கூடாது. விற்கிறவளும் வேறு ஆளிடம் விலை பேசக்கூடாது. வேண்டாம் என்றால், “கை எடுத்துட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். மீனுக்கு இது பத்து நிமிஷ விவகாரம். வெயில் ஏறினால் சரக்கு கெட்டுவிடும், இரண்டு பேரில் ஒருத்தி இறங்கித்தான் ஆகவேண்டும். வீட்டுக்கு வெயில் ஏறுவதில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. விளையாட்டாகச் சொன்னேன், மறந்தும்போனேன்.

ஆனால் பேரத்தை மறக்கவில்லை. தினமும் நண்டைப் புரட்டிக்கொண்டே, “அஞ்சரை” என்பேன். அவள், “கண்ணாடில மொகத்த பாத்துட்டு வந்து கேளு” என்பாள். அடுத்த வாரம் ஐந்தே முக்கால். ஒன்பதிலிருந்து அவளும் எட்டே முக்காலுக்கு வந்தாள். இப்படியே நாலு மாதம். அவளுக்கு விற்கவேண்டிய அவசரம் இருந்தது. அதையும் அவளே என்னிடம் சொன்னாள். திருப்பாலைவனத்தில் கட்டிக்கொடுத்த மகள் கர்ப்பமாக இருந்தாள். இதற்கு முன்னால் இரண்டு கலைந்துவிட்டன. இந்த முறை படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். இருப்பதோ ஒற்றை அறை.

“இத வித்தாத்தான் அங்க ரெண்டு ரூம்பா ஒரு வூடு புடிச்சி அவ கூட இருக்கலாம்” என்றாள் அக்கா. “நண்டு விக்கிறத வுட்டுட்டு, வெறுங்கையோட மாப்ள சோத்துல போயி குந்த முடியுமா, சொல்லு.”

“பாவம்க்கா” என்றேன். மனசு நிஜமாகவே உருகியது. அதே நிமிஷத்தில், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும் என்றும் தோன்றியது. பொய் சொல்லமாட்டேன், அந்தப் புத்தி எனக்கு வந்தது. எட்டு லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்று ஆறேகால் கேட்டேன்.

அப்படியே இரண்டு மாதம் போயிருக்கும். பேருந்து நிறுத்தத்தில் வலைக்கடை பாய் என்னைப் பார்த்து நின்றார். டவுன்காரர், அக்காவின் குப்பத்தில் பாதிப்பேருக்குக் கடனில் நூல் கொடுக்கிறவர்.

“இன்னாம்மா, அந்த வூட்ட முடிச்சிட்டியா இல்லியா?” என்றார். “சரக்கு போட எனக்கு ஒரு எடம் வேணும்னு ரெண்டு மாசம் முன்னாடியே நான் கேட்டேன். எட்டரை, ஒரே கையில தரேன்னேன். ஊர்லயும் சரின்னுட்டாங்க. அந்தம்மா, ‘கை வெச்சிருக்காங்க பாய், அவங்க எடுத்தா சொல்றேன்’னு அனுப்பிடுச்சி. பேஜாராப் போச்சு எனக்கு.”

காதில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. பொன்னேரி பேருந்து வந்தது, போனது. கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்கு நடந்தேன். வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டேன்.

“அறிவிருக்காக்கா உனக்கு? எட்டரைக்கு ஆளு வந்து நின்னா குடுத்துட்டுப் போவ வேண்டியதுதான? நான் வெளையாட்டுக்குச் சொன்னத புடிச்சிக்கினு குந்தியிருக்க!”

அவள் வலையில் சிக்கிய நண்டுக் காலை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “ஊரே பாக்க கை வெச்ச. நீ எடுக்காம நான் எப்படி இன்னொருத்தருக்கு பேசுறது? நாளைக்கு கரையில எம் மூஞ்சில முழிப்பாங்களா?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? பாய் கேட்டாருன்னு ஒரு வார்த்த?”

இப்போது நிமிர்ந்தாள். “சொன்னா இன்னா நெனச்சிருப்ப? வெலய ஏத்தறதுக்கு சொல்றான்னு நெனப்ப. நானும் நீயும் தெனம் அதத்தான சொல்லிக்கிறோம்? ‘அவ நூத்தம்பதுக்குக் கேட்டா, இவ எரநூறுக்குக் கேட்டா’ன்னு. நெசத்த சொன்னா நீ நம்பியிருப்பியா?”

நம்பியிருக்கமாட்டேன். எழுந்து நாலு அடி நடந்திருப்பேன். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

“கை எடுத்துட்டேன்க்கா” என்றேன். “பாய்க்கே குடுத்துடு. இன்னிக்கே பொண்ணுகிட்ட போ.”

“தோ பாரு” என்றாள் அவள், வலையைக் கீழே வைத்துவிட்டு. “முன்னாடி ஒரு நாளு நண்டு காசுக்கு உன் வூட்டாண்ட வந்தேன். உன் வூட்டுக்காரரு படியில குந்தி குந்தி எறங்கிக்கினு இருந்தாரு. என்ன பாத்ததும் நின்னுட்டாரு. தண்ணில இருக்கும்போது எப்படி இருந்த மனுசன்! நானும் பாக்காத மாரி திரும்பிட்டேன். பாய் வந்தப்ப அதான் கண்ணு முன்னாடி நின்னுது. நூல் மூட்டைக்கு ஏரி இன்னாத்துக்கு?”

நான் ஓவென்று அழுதேன். அவள் தேற்றவெல்லாம் இல்லை. “எட்டு வெச்சிருக்கல்ல?” என்று கேட்டாள். இத்தனை நாள் நான் ஒளித்து வைத்த கணக்கு அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. எட்டரை தருகிறேன், அரையை ஆறு மாதத்தில் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், எட்டே போதும் என்றாள். எட்டரைக்கு ஒரு பைசா குறைந்தாலும் வாங்கமாட்டேன் என்று நான் கத்தினேன். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி, இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று போய்விட்டாள். எட்டரைக்கே முடிந்தது. மறுநாள் ஊரில் கையெழுத்தானது. அதற்கு மறுநாள் இரண்டு மூட்டையோடு அக்கா திருப்பாலைவனம் பேருந்தில் ஏறினாள்.

நாங்கள் குடிவந்த முதல் சாயங்காலம் இவர் வாசல்வரை வந்து, பூவரசைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் பத்து அடி. நான் பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். “கிட்ட வராத, விழுந்தா தண்ணிலதான விழுவேன்” என்பார். பன்னிரண்டாம் நாள் ஏரியில் கால் வைத்தார். செத்த காலும் நல்ல காலும் சேற்றில் புதைய நின்றுகொண்டு, கீழைக் காற்று ஆரம்பித்துவிட்டது, இன்னும் பத்து நாளில் இறால் வரும் என்றார். நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில்கூட எங்களுக்குள் அப்படி ஒரு நேரம் வாய்த்ததில்லை.

அக்கா போன மூன்றாவது வாரம், பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்று சேதி வந்தது. பால் ஊற நல்லதென்று பால்சுறா வாங்கிப் புட்டு செய்து எடுத்துக்கொண்டு திருப்பாலைவனம் போனேன். இரண்டு அறை வீட்டில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். மெலிந்துபோயிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அத்த, நீங்க மட்டும் எங்க வூட்ட வாங்கலன்னா அம்மா இன்னும் அங்கியேதான் இருந்திருக்கும். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரில” என்றாள்.

அக்கா பாத்திரத்தைத் திறந்து, “சாப்புடு, ஆறிடும்” என்றாள் அவசரமாக. என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று புரிந்தது. அந்த நன்றியை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டிருக்கலாம். முடியவில்லை.

“இல்லம்மா” என்றேன். “நான் ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கியிருக்கலாம். எங்கிட்ட காசு இருந்துச்சி. உங்கம்மாவுக்கு அவசரம்னு தெரிஞ்சிதான் வெல எறங்கட்டும்னு குந்தியிருந்தேன்.”

அவள் புட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. வாய்க்கும் கொண்டுபோகவில்லை.

“அந்த ரெண்டு மாசமும் நான் அந்த ஒத்த ரூம்பு விட்டத்தையே பாத்துக்கினு படுத்திருந்தேன் அத்த” என்றாள். “பக்கத்து வூட்ல யாராவது வந்து தண்ணி குடுத்தாத்தான் தண்ணி. வயித்துல ஒரு நேரம் அசையலன்னாலும் இதுவும் போயிடிச்சின்னு நெனச்சிக்குவேன். கத்திக் கூப்பிட ஆளு இல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. இப்போதும் கொஞ்சம் பயந்த குரலில்தான் சொன்னாள். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் சொம்பில் தண்ணீர் ஊற்றி அவள் பக்கத்தில் வைத்தேன்.

அந்தப் பெண்ணே கேட்டாள். “மாமா இப்ப தண்ணி வரிக்கும் நடக்கிறாராமே? அம்மா சொல்லிச்சி.”

“நடக்கிறாரும்மா.”

“அப்போ சரி” என்றாள். குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, புட்டை அள்ளி அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாள். நல்ல பசி.